தானாக ஏறிய மலை

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஜெசிந்தா, முதுகெலும்பு ஒடிந்து படுக்கையில் விழுந்த பிறகு நடந்ததெல்லாம் ஒரு கணினி விளையாட்டுக்குள்தான். அதற்கான மெய்நிகர் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு நினைத்தால் போதும், ஆளில்லாத ஒரு தீவில் அவள் கால்கள் நடந்தன. அங்கே ஒரு செங்குத்துப் பாறையைத் தாண்ட வழி தெரியாமல் பல நாளாக அலைந்துகொண்டிருந்தாள்.

அன்று காலை கண்ணாடியை மாட்டியபோது அந்தப் பாறையையும் தாண்டி மலை உச்சியில் நின்றாள். இடுப்பில் வாள், கையில் தீவின் முழு வரைபடம்.

"நீங்கள் தூங்கும்போது உங்களுக்காக நானே விளையாடி முடித்துவிட்டேன். வாழ்த்துகள்!" என்றது விளையாட்டில் அவளுக்கு உதவும் செயற்கை அறிவுத் துணைக்குரல்.

பக்கத்திலிருந்த கணவன் ரெமிஜியுஸ் சிரித்தான். "நான்தான் அதுகிட்ட சொன்னேன். நீ விழுந்து விழுந்து கத்துறத என்னால கேக்க முடியல."

"எனக்கு நடக்கன்னு இது ஒண்ணுதாங்க இருக்கு. அதையும் வேற யாரோ நடந்துட்டா எனக்கு என்ன மிச்சம்?" என்றவள், துணைக்குரல் பக்கம் திரும்பினாள். "எல்லாத்தையும் அழி."

"அழித்தால் உங்கள் வெற்றி திரும்பக் கிடைக்காது."

"என் வெற்றியா அது? அழிச்சிட்டு நீயும் போயிரு."

வெறுங்கையோடு மறுபடி கடற்கரையில் நின்றாள். பாறையில் ஏறினாள், வழுக்கி விழுந்தாள், திட்டிக்கொண்டே மறுபடி ஏறினாள். திடீரென்று அவள் சத்தம் நின்றது. ரெமிஜியுஸ் பதறிப்போய் நாற்காலியை அருகில் இழுத்தான்.

"என்னாச்சு?"

"ஒரு குகை. முன்னாடி என் கண்ணுல படவே இல்ல."

"உள்ள என்ன இருக்கு?"

"தெரியல," என்றாள் ஜெசிந்தா. "அதான் போறேன்."