சிலை விளையாட்டு

ஆறு மாதமாகச் செல்வின் ஒரு சொட்டு மதுகூடத் தொடவில்லை. “பிள்ள சரின்னு சொன்னா வீட்டுக்கு வாங்க,” என்று மனைவி மெர்லின் சொல்லியிருந்தாள்.

மறுவாழ்வு மையத்தில் அன்று குடும்பங்களின் கூட்டம். ஒன்பது வயது மகள் ஜோஸ்லினை நடுவில் நிறுத்தினார் ஆலோசகர் மேடம். “வீட்ல யார் யாருக்கு எந்த இடமோ, அங்க சிலையா நிறுத்தும்மா.”

ஜோஸ்லின் அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துப்போய், வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள்.

“நல்ல காத்தோட்டமான இடம்டே செல்வின்!” என்று உள்ளே ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். வெளியே செல்வினும் சிரித்தான்.

மேடத்தின் குரல் கேட்டது. “இனிமே எப்படி இருக்கணும்னு உனக்கு ஆசை? ஒண்ணே ஒண்ணு மாத்து.”

சின்னக் காலடிகள் கதவை நோக்கி ஓடிவந்தன. செல்வின் அவசர அவசரமாகத் தலையைக் கோதி, காலரைச் சரிசெய்துகொண்டான். கதவுக்கு அந்தப் பக்கம் மகள் எம்பி எம்பி மூச்சுவாங்கினாள். எதுவோ எட்டவில்லை போலும். நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டு வந்தது.

மேல்தாழ்ப்பாள் கிரீச்சிட்டு ஏறியது.

“இனி அம்மா தூங்கலாம் மேடம்,” என்றாள் ஜோஸ்லின்.