ஐயாவுக்கு ஏற்ற பிராசஸர்

ஹோம் தியேட்டருக்கு எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவது என்று காலையில் நானும் என் கணவர் குலசேகரனும் சண்டை போட்டோம். "ஃபேன் சத்தமே வரக் கூடாது" என்றார். "உங்க குறட்டைய மீறி எந்த ஃபேன் சத்தம் கேக்கப்போவுது?" என்றேன். மத்தியானம் மாரடைப்பில் போய்விட்டார்.

இப்போதெல்லாம் இறந்தவர்கள் ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர் பெட்டியில்தான் குடியிருக்கிறார்கள். காரியம் முடிந்ததும் அவரைப் பதிந்து வைத்திருந்த சிப்போடு கடைக்குப் போனேன்.

"பதினாறு கோர் பிராசஸர் எடுத்துக்குங்கம்மா. ஐயா உடனுக்குடன் பேசுவாரு" என்று கடைக்காரர் பொருத்திக் காட்டினார். திரையில் நகைச்சுவைக் காட்சி. வசனம் முடிவதற்குள் என் கணவர் சிரித்துவிட்டார். எனக்குப் பகீரென்றது.

"இது வேற யாரோங்க. இவருக்கு ஜோக் புரிய அரை மணி நேரமாவது ஆகும்."

"அப்படின்னா பழைய ரெண்டு கோர்தான் இருக்கு. ரொம்பத் திணறும்மா."

"திணறட்டும். அதையே குடுங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் படம் போட்டேன். கதாநாயகனின் அம்மா அவன் மடியில் கண்ணை மூடினாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இடைவேளைக்கு முன்னால் போலீஸ்காரரின் பேன்ட் அவிழ்ந்ததற்கு, பெட்டிக்குள் என் கணவர் அப்போதுதான் விழுந்து விழுந்து சிரித்தார்.