வாஷிங்டனுக்கு எத்தனை மார்க்?

தனலெட்சுமி அதிரச டப்பாவை மேசையில் வைத்ததும் பேராசிரியர் கோபாலன் முகத்தைச் சுளித்தார். காலையிலிருந்து வந்து சேர்ந்த நான்காவது டப்பா அது.

கிள்ளான் வியாபாரிகள் சங்கத்தின் வைரவிழா மலருக்காக, இதுவரை தலைவராக இருந்தவர்களை வரிசைப்படுத்தித் தர ஒப்புக்கொண்டதுதான் அவர் செய்த பிழை. அமெரிக்க வரலாறு போதித்து ஓய்வு பெற்றவர் அவர். அமெரிக்க அதிபர்களில் யார் உசத்தி, யார் மட்டம் என்று அறிஞர்கள் மார்க் போடுவார்களே, அதில் ஒருமுறை இவரும் போட்டிருக்கிறார். "அதே மாதிரி எங்களுக்கும் போடுங்க சார்" என்று சங்கத்தார் திரண்டு வந்து கேட்டபோது, மனுஷன் குளிர்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் இருந்த அவருடைய அடுக்குமாடி வீடு பேரம் பேசும் பாசாராகிவிட்டது. காலமான தலைவர் சின்னையாவின் மகன் வந்து, "அஞ்சாவது இடமா? எங்கப்பா மானம் போயிடும் பாஸ், மூணுல முடிச்சுக்கலாம்" என்று கைலிக்குப் பேரம் பேசுவதுபோல் பேசினான். இன்னொரு தலைவரின் மருமகள், மாமனாரை உயர்த்தக்கூட வேண்டாம், சின்னையாவுக்குக் கீழே இறக்காமல் விட்டால் போதும் என்றாள். சரித்திரத்தை இப்படிக் கூறுகட்டி விற்கச் சொன்னால் எவனுக்குத்தான் குமட்டாது?

இப்போது வந்திருப்பவள் நடப்புத் தலைவர் பழனியப்பனின் மனைவி. சுல்தான் தரும் டத்தோ பட்டத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருக்கும் ஆள் பழனியப்பன். மலரில் முதலிடம் வந்துவிட்டால் பட்டம் தானாக வீட்டுக்கதவைத் தட்டும் என்று நம்புகிறவர்.

"சாப்பிட்டுப் பாருங்க சார். எங்க வீட்டு அமுதவள்ளி கைப்பக்குவம். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பொண்ணு. கடல்தாண்டி வேலைக்கு வந்ததிலேருந்து ஒரு தடவகூட ஊருக்குப் போனதில்ல, எங்க மேல அவ்ளோ ஒட்டுதல்."

"முதல் இடம் கேட்டு வந்திருந்தா, டப்பாவ எடுத்துக்கிட்டுக் கெளம்புங்கம்மா."

"ஐயோ, மார்க்க ஏத்தச் சொல்ல வரலை லா. கொறைஞ்சிடுமான்னு கேக்கத்தான் வந்தேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டு விஷயத்துக்கெல்லாம் மார்க் கழிப்பீங்களா சார்?"

கோபாலனுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அம்பாங்கில் பழனியப்பனுக்கு இன்னொரு குடித்தனம் உண்டு என்று கிள்ளான் முழுக்கப் பேச்சு. அதை மூடி மறைக்கக் கட்டினவளையே தூது அனுப்பியிருக்கிறானே! அவன் முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது. எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

"வீட்டுல ஒரே அழுகை சார்" என்றாள் அவள். "யாராவது ஃபேஸ்புக்ல போட்டுட்டா, நீங்க மார்க்க கழிச்சிடுவீங்களோன்னு இவருக்குப் பயம். விழாவுக்கு முன்னாடியே சரி பண்ணிடலாம்னு சொல்றாரு. எனக்குத்தான் மனசு ஒரு நிலையில இல்ல."

"என்னன்னு நீங்க சொல்ல வேணாம்மா. நானும் கேக்க மாட்டேன்." கோபாலன் நாகரிகமாகக் கையமர்த்தினார். "அமெரிக்காவுல இதைவிடப் பெருசெல்லாம் இருக்கு. வாஷிங்டன் யாரு? முதல் அதிபர். அவர் பண்ணையில நூத்துக்கணக்குல அடிமைங்க."

"அடிமைன்னா, சம்பளம் இல்லாமலா?"

"சம்பளமும் இல்ல, விடுதலையும் இல்ல. ஓடிப்போனா ஆள்விட்டுத் தேடுவாங்க."

தனலெட்சுமி நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். "அவருக்கு எத்தன மார்க் போட்டீங்க சார்?"

"அள்ளிப் போட்டேன். இன்னிக்கும் எந்த வரிசைய எடுத்தாலும் முன்வரிசையிலதான் நிப்பார். இப்ப சிலபேர் அடிமை விஷயத்துக்குக் கழிக்கத்தான் செய்றாங்க. ஆனா, நாட்டையே உண்டாக்கிக் குடுத்தவரை அதுக்காகக் கீழ தள்ளிட முடியுமா? உயில்ல தன் அடிமைங்களுக்கு விடுதலைகூட எழுதி வெச்சாரு. சம்சாரம் காலத்துக்கு அப்புறம்னு."

"பின்ன? சம்சாரத்துக்கு வீட்டுல ஆள் வேணுமில்ல" என்றாள் தனலெட்சுமி.

இந்தக் கவலையிலும் இவளுக்குத் தமாஷ் வருகிறதே என்று கோபாலன் வாய்விட்டுச் சிரித்தார். வந்தவர்களிலேயே பேரம் பேசாத ஒரே ஆள் இவள்தான். மனம் இளகி, ஓர் அதிரசத்தை எடுத்துக் கடித்தார். வெல்லப்பாகும் ஏலக்காயும் பதமாகக் கூடி நாக்கில் கரைந்தன.

"பாருங்கம்மா, கிள்ளான்ல வெள்ளம் வந்தப்போ உங்க வீட்டுக்காரர் லோரி லோரியா அரிசி அனுப்பினார். சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் வாங்கிக் குடுத்தார். சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்றேன். யாரும் கேக்காமலே என் கணக்குல அவர்தான் முதல். வீட்டுக்குள்ள நடக்கறது அதுல ஒரு புள்ளியக்கூட அசைக்காது."

"நெசமாவா சார்? இப்படியே இருந்தாலும் கொறையாதா?"

"இப்படியே இருந்தாலும்."

அவள் கண்கள் கலங்கிவிட்டன. கையெடுத்துக் கும்பிட்டாள். கோபாலனுக்கு நெஞ்சு நிறைந்தது. வரலாறு படித்ததற்கு ஒரு பெண்ணின் கண்ணீரையாவது துடைக்க முடிந்ததே! டப்பாவிலிருந்து இன்னோர் அதிரசத்தை எடுத்துக்கொண்டார்.

தனலெட்சுமி அங்கேயே கைப்பேசியை எடுத்துக் கணவனை அழைத்தாள்.

"என்னங்க, மார்க் கொறையாதாம். அமுதவள்ளி பாஸ்போர்ட்ட மறுபடியும் உள்ள வெச்சுப் பூட்டிடுங்க!"