அரை மணி வெளிச்சம்

“தினமும் அரை மணி நேரம் வெளிச்சம். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது” என்று முதலாளி சூப்பர்வைசரிடம் கண்டிப்பாகச் சொன்னது, காளான் காம்பு நறுக்கிக்கொண்டிருந்த அவள் காதில் விழுந்தது. கத்தி அப்படியே நின்றது.

எதிர் மூலையில் புதிதாகக் கட்டிய அறையில் எலக்ட்ரீஷியன் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். வெயில் செய்கிற வேலையை அது செய்யுமாம்.

“அக்கா, உன் மனு பலிச்சிடுச்சு!” என்று பக்கத்து மேசைக்காரி அவள் விலாவில் இடித்தாள்.

போன குளிர்காலத்தில் ஃப்ளூ காய்ச்சல் அந்தக் காளான் பண்ணையைப் புரட்டிப் போட்டது. பதினோரு பேர் படுத்தார்கள். அதே மேசையில் வேலை பார்த்த அவள் தங்கை மட்டும் எழுந்திருக்கவே இல்லை.

“விடியறதுக்குள்ள உள்ள போறீங்க, இருட்டினப்புறம் வெளிய வர்றீங்க. வைட்டமின் டி எங்கேயிருந்து வரும்?” என்று டாக்டர் சத்தம் போட்டார். “அது இருந்தா ஃப்ளூ வராதுன்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன். ஓரளவு தடுக்கலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. கொஞ்சம் வெயில்ல நில்லுங்கம்மா, கெட்டா போயிடும்?”

மதியம் அரை மணி வெளியே நிற்க விடச் சொல்லி, முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தாள். பதில் இல்லை. ‘தலைவி’ என்ற பட்டப்பெயர்தான் மிச்சம்.

திங்கட்கிழமை விளக்கு எரிந்தது. அறைக்குள் தரையிலிருந்து கூரைவரை இரும்பு அடுக்குகள். உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லை. நின்றுகொண்டால் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரையும் அறை வாசலில் வரிசையாக நிறுத்தினாள். இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தவளை முதலில் விட்டாள். ஒரு வருஷம் முன்னாலேயே இது வந்திருந்தால் என்று தோன்றியது.

சூப்பர்வைசர் தள்ளுவண்டியோடு வந்தார்.

“ரொம்ப நன்றி சார். முதலாளிகிட்டயும் சொல்லிடுங்க.”

அவர் விழித்தார். வரிசையைப் பார்த்தார், எரிகிற விளக்கைப் பார்த்தார். வண்டியில் காளான் தட்டுகளும், ‘வைட்டமின் டி நிறைந்தது’ என்று அச்சடித்த புது அட்டைப்பெட்டிகளும் அடுக்கப்பட்டிருந்தன.

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“வழி விடும்மா... வெளிச்சம் காளானுக்கு.”