கோணல் சுவர்

“பிரிச்சுடுங்க மாப்பிள்ளை. சுவர் கோணல்” என்றார் ஆர்விட்.

வெண்டெல் கையில் சுத்தியல் இருந்தது. அதைக் கீழே போட மனம் வரவில்லை. மாமனார் மேல் போட முடியவில்லை.

வீட்டின் பின்பக்கம் எழுந்துகொண்டிருந்த அந்த அறையே மாமனாருக்காகத்தான். டவுனில் மளிகைக்கடை மாடியில் அப்பா தனியாகக் கிடக்கிறாரே என்று மனைவி மார்லிஸ் செய்த ஏற்பாடு அது. பனி விழுவதற்குள் மரச்சட்டம் நிறுத்தி, ப்ளைவுட் அடித்து, கூரையை மூடிவிட்டால் உள்வேலையைச் சாவகாசமாகச் செய்துகொள்ளலாம். கிறிஸ்துமஸுக்கு அப்பா இங்கே வந்துவிடுவார். மூடாவிட்டால் அடுத்த வருஷம்தான். மினசோட்டா பனியில் ஆணி பிடிக்க விரல் மடங்காது.

வெண்டெல் இன்ஷூரன்ஸ் விற்பவன். ஆனால் எங்கள் ஊரில் தச்சனைக் கூலிக்கு வைப்பதைவிட ஆம்பிளைக்கு அவமானம் வேறு கிடையாது. புத்தகத்தைப் பார்த்துத் தானே கட்ட ஆரம்பித்து, பாதியில் பிளாஸ்டிக் தாள் சுற்றி விட்ட அறைகள் தெருவுக்கு நாலு நிற்கும்.

ஆர்விட் அப்படியில்லை. காலமெல்லாம் மரவீடு கட்டியவர். பாதி ஊர் அவர் நிறுத்திய சுவர்களுக்குள்தான் தூங்குகிறது. அவர் கோணல் என்றால் கோணல்தான்.

சனிக்கிழமை தோறும் மழமழவென்று சவரம் செய்துகொண்டு வருவார். காபி குடிப்பார். ஒற்றைக் கண்ணை மூடிச் சுவரைப் பார்ப்பார். ஒரு வாரம் வடக்குச் சுவர் சாய்ந்திருந்தது. அடுத்த வாரம் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி சரியில்லை. அதற்கடுத்த வாரம் ப்ளைவுட்டின் ஓரம் கட்டையில் உட்காரவில்லை என்று மொத்தத்தையும் பிரிக்க வைத்தார்.

வெண்டெல் ஒரு முறை தைரியமாக ரசமட்டத்தைச் சுவரில் வைத்துக் காட்டினான். சுவர் நேர்தான் என்று குமிழி நட்டநடுவில் நின்றது. ரசமட்டமே கோளாறு என்றார் ஆர்விட். புதிதாக ஒன்று வாங்கி வந்தான். அதிலும் குமிழி நடுவிலேயே நின்றது. இந்தக் காலத்தில் எதையுமே உருப்படியாகச் செய்வதில்லை என்று அதையும் அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு சீட்டாட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று சீட்டியடித்துக்கொண்டே காரில் ஏறிப் போவார். மருமகனைப் படுத்திவிட்டுப் போவதில் கிழவருக்கு அத்தனை குஷி.

தெருவே சிரித்தது. கட்டிப் பிரித்துக் கட்டுவது உடம்புக்கு நல்லதா என்று பக்கத்து வீட்டுக்காரன் வேலி மேல் சாய்ந்துகொண்டு விசாரித்தான். ஆபீசில் ‘குட்மார்னிங்’ போய் “என்ன, நேராச்சா?” வந்தது. மார்லிஸிடம் புலம்பினால், அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள்.

அறை முடிந்தால் இந்த வாய் தினமும் தன் சாப்பாட்டு மேஜையில் உட்காரும் என்பது வெண்டெலுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் ரோஷம் விடவில்லை. ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் வாயை அடைத்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பனி வரும் என்று ரேடியோ சொன்னது. வெண்டெல் வியாழனும் வெள்ளியும் லீவு போட்டான். கூட பவுலிங் ஆடும் நாலு தடியன்களைப் பீர் காட்டி இழுத்து வந்தான். முதல் நாள் சுவர்கள் எழுந்தன. மறுநாள் இருட்டுவதற்குள் கூரையும் ஏறி, ப்ளைவுட்டும் அடித்தாகிவிட்டது.

சனிக்கிழமை ஆர்விட்டின் கார் வந்து நின்றது. வெகுநேரம் அவர் இறங்கவில்லை.

இறங்கியதும் அறையைச் சுற்றி வந்தார். வெண்டெல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னாலேயே போனான். கிழவர் ப்ளைவுட்டைத் தட்டிப் பார்த்தார். மூலையில் விரல் நுழைகிறதா என்று பார்த்தார். நுழையவில்லை. ஆணிகள் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கின்றனவோ என்று இழுத்தார். குரலில் பழைய தெம்பு இல்லை.

“நேத்து சாயங்காலமே கட்டட இன்ஸ்பெக்டர் வந்து உள்ளயும் வெளியயும் பார்த்துட்டார் மாமா. ஒரு குறை சொல்லல” என்றான் வெண்டெல்.

ஆர்விட்டின் முகம் தொங்கிவிட்டது. அதைப் பார்க்கத்தானே வெண்டெல் இத்தனை வாரம் ஏங்கினான்! ஜன்மம் சாபல்யமானது.

மார்லிஸ் ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். “மளிகைக்கடைக்காரர்கிட்ட ரூமைக் காலி பண்றோம்னு சொல்லிட்டேம்ப்பா. கிறிஸ்துமஸ்லருந்து நீங்க என் கண் முன்னாடியே இருக்கணும்.”

பிறகு விவரங்களை அடுக்கினாள். சாயங்காலம் ஐந்துக்கே சாப்பாடு. உப்பு கூடாது. புகைபிடிக்கும் குழாய் வாசலோடு சரி. பீர் என்றால் டாக்டரைக் கேட்டுத்தான். இந்த வயதில் ராத்திரி வரை உட்கார்ந்து என்ன சீட்டாட்டம், அதற்கு ஒரு முழுக்கு. ஆர்விட் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வசந்த காலத்தில் வந்தால் ஆகாதா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். மகள் காதில் போட்டுக்கொள்ளாமல் காபி போட உள்ளே போய்விட்டாள்.

வெண்டெல் கையைக் கட்டிக்கொண்டு மாமனார் எதிரே வந்து நின்றான்.

“இப்ப சொல்லுங்க மாமா. சுவர் கோணலா?”

கிழவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“மொதத் தடவையே நேராத்தான் இருந்துச்சு, மாப்பிள்ளை.”