மரமேறும் வெளிச்சம்

"ஏய்யா, அது லைட்டா, இல்ல சூரியனையே கழட்டி மாட்டியிருக்கியா?"

கத்தியவர் சைக்கிள்காரர். கத்திய இடம், சாலையோர வேலிச்செடிக்குள். தலையில் நாலு இலை ஒட்டியிருந்தது.

வாத்தியார் பைக்கை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அடி ஒன்றும் இல்லை. ஆனாலும் சைக்கிள்காரர் விடவில்லை.

"டிம் பண்ணத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குய்யா வண்டி?"

டிம்மில்தான் இருந்தது. வாத்தியார் அதைச் சொல்லவில்லை.

வண்டி மறுபடி கிளம்பியதும் பின்சீட்டிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஏங்க, தினமும் எல்லாரும் உங்களையே திட்டறாங்களே, ஏன்?"

"பொறாமை. புது வண்டில்ல!"

அவள் அவர் முதுகோடு இன்னும் ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள்.

வாத்தியாருக்கு வாங்கிய திட்டெல்லாம் மறந்துபோனது. காலையில் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும்போது கைப்பையை நடுவில் நட்டு எல்லை வகுத்து உட்காருகிற நர்ஸம்மா, இருட்டிவிட்டால் மட்டும் இப்படி. அதுவும் கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து! இருட்டைக் கண்டுபிடித்தவன் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கோளாறு என்னவென்று அவருக்கு முதல் நாளே தெரியும். பள்ளிக்கூடத்தில் அவர் நடத்துவது இயற்பியல். தனியாகப் போனால் வெளிச்சம் ஒழுங்காகத் தரையில் விழுகிறது. மனைவி ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழ்கிறது, முன்பக்கம் நிமிர்கிறது, வெளிச்சம் மரமேறிவிடுகிறது. பழைய வண்டியிலும் இதே கதைதான். ஆனால் அதன் விளக்கு மின்மினி. மின்மினி எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கு என்ன?

தெரிந்ததைச் சொல்வதுதான் வாத்தியார் தொழில். ஆனால் இதை எப்படிச் சொல்ல? "வீட்டுக்கு ஒரு எடை மெஷின் வாங்கிப் போடலாமா?" என்று ஒருமுறை பொதுவாகக் கேட்டுவிட்டு அவர் பட்டது போதும். அன்று சாப்பாட்டில் உப்பில்லை. உறைப்பெல்லாம் பேச்சில் இருந்தது.

ஆனால், இன்றைக்கு வேலிச்செடி. நாளைக்கு லாரியாக இருந்தால்?

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மெக்கானிக்கிடம் போனார்.

"லைட்டைக் கீழே இறக்கணும்ப்பா. ரெண்டு பேர் உட்கார்ந்தா எப்படியோ, அந்தக் கணக்குக்கு."

"அப்ப மேடத்தையும் கூட்டிட்டு வாங்க சார். உட்கார வெச்சே திருகிடலாம்."

"அது நடக்காது."

"சரி, வெயிட்டாவது சொல்லுங்க."

"ராணுவ ரகசியம். எனக்கே தெரியாது."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். வாத்தியாரின் பார்வை, பஞ்சர் ஒட்டக் காத்திருந்த தபால்காரர் மேல் விழுந்தது. விழுந்து, மேலும் கீழுமாக அளந்தது.

"சார், ஒரு சின்ன உதவி. கொஞ்சம் என் பின்னாடி உட்காருங்களேன்."

ஏன் எதற்கென்று கேட்காமல் தபால்காரர் ஏறி உட்கார்ந்தார். கடையின் உள்சுவரில் வெளிச்சம் ஒரு ஜாண் ஏறியது.

"பத்தாதே!" என்றார் வாத்தியார்.

தபால்காரரின் மடியில் ஒரு பழைய கார் பேட்டரி வந்து அமர்ந்தது.

"இன்னும் துளி..."

பேட்டரி மேல் ஸ்பேனர் பெட்டி ஏறியது. ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு, விழாமலிருக்க இன்னொரு கையால் வாத்தியாரின் இடுப்பைப் பிடித்தபடி தபால்காரர் கேட்டார்.

"ஆமா, யாருக்குப் பதிலா நான் உட்கார்ந்திருக்கேன்?"

"என் மனைவிக்கு."

தபால்காரர் இடுப்பிலிருந்து சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

மெக்கானிக் விளக்குக்கு அடியிலிருந்த திருகைத் திருகினார். சுவரேறிய வெளிச்சம் சமர்த்தாகக் கீழே இறங்கியது.

அன்று மாலை இருட்டிய பிறகும் சாலை முழுக்கத் தெரிந்தது. குழி தெரிந்தது, வேகத்தடை தெரிந்தது, குறுக்கே ஓடிய பூனையின் மீசைகூடத் தெரிந்தது. எதிரே வந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. வேலிச்செடிச் சைக்கிள்காரர்கூட இவரை அடையாளம் தெரியாமல் நேராகக் கடந்து போனார். வாத்தியாருக்கு விசில் அடிக்கவேண்டும் போலிருந்தது. அடித்தார்.

பாதி வழியில்தான் முதுகு சில்லென்று இருப்பது உறைத்தது. வண்டியை ஓரம்கட்டித் திரும்பிப் பார்த்தார்.

நடுவில் கைப்பை. அதற்கு அந்தப் பக்கம், சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துச் சொகுசாகச் சாய்ந்துகொண்டு மனைவி காற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன, ஏதாவது கோபமா?"

"கோபமா? நிம்மதிங்க! லைட்டைச் சரி பண்ணிட்டீங்கல்ல? இத்தனை நாளா முன்னாடி சாஞ்சு சாஞ்சு என் இடுப்பே போச்சு."

"முன்னாடி... எதுக்குச் சாயணும்?"

"பின்னாடி சாஞ்சா வெளிச்சம் மரத்துக்குப் போகுது. வர்றவன் போறவன் எல்லாம் உங்களைத் திட்டறான். உங்களோட ஒட்டி உட்கார்ந்தா கொஞ்சமாவது இறங்குது. அதுக்கு மேல முன்னாடி தள்ள உங்க தொப்பை விடலை."

வாத்தியார் முழுசாக அவள் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"என் மனசு நோகுமேன்னு நீங்க 'பொறாமை, பொறாமை'ன்னு சொல்லிச் சொல்லி ஊர்த் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டீங்க. அதைப் போய்ப் போட்டு உடைக்க மனசு வரலைங்க."

வீடு வரைக்கும் வாத்தியார் மெதுவாகவே ஓட்டினார். விசில் அடிக்கவில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் கடையைத் திறக்கும்போதே வாத்தியார் வாசலில் நின்றார்.

"என்ன சார், லைட்டு சரியில்லையா?"

"லைட்டு பிரமாதம். அதைத் தொடாதே. சீட்டுக்குப் பின்னாடி பிடிச்சுக்கறதுக்கு ஒரு கம்பி இருக்கு பாரு, அதைக் கழட்டிடு!"