செவலைக்கும் ஒரு மாத்திரை

கட்டைவால் என்ற கிழநாய் எந்த வண்டியையும் பார்த்துக் குரைக்காமல் விட்டதில்லை. கால்நடை மருத்துவரின் வண்டி தெருவில் நின்றதும், அது நான்கு குட்டிகளோடு படுத்திருந்த செவலை என்ற நாயிடம் ஓடிவந்தது.

"ஏ செவலை, குட்டிகளைக் கவ்விக்கிட்டு ஓடு. மனுசன் நீட்டுற மருந்தெல்லாம் மோசடி."

"போன ஈத்துல உங்க பேச்சைக் கேட்டுத்தான் ஓடினேன் அண்ணே. ஊசி போடாமலே அஞ்சு குட்டியும் புது வீட்டுக்குப் போச்சு. ஒண்ணுகூட ஒரு மாசம் தாண்டி உசிரோட இல்லை. இதுங்களும் அடுத்த மாசம் புது வீட்டுக்குப் போகுதுங்க."



வண்டியிலிருந்து இறங்கிவந்த டாக்டரம்மா குட்டிகளின் உப்பிய வயிற்றைத் தடவிப் பார்த்து, நான்குக்கும் புழு மருந்து புகட்டினார். ஊசி அடுத்த வாரம் என்றார். பிறகு செவலையிடமும் ஒரு மாத்திரையை நீட்டினார். "தாய்ப்பால் வழியாவும் குட்டிக்குப் புழு போகும்."

"கேட்டியா? உன் பாலையே பழிக்கிறா," என்று சீறியது கட்டைவால். "இதுக்காவது கடி."

செவலை குனிந்து தன் மடியைப் பார்த்தது.

"புழு என்கிட்ட இருந்து போயிருந்தா, மருந்து எனக்குத்தானே முதல்ல வேணும்," என்று மாத்திரையை விழுங்கியது.

ஊரார் குற்றங்களைக் குரைத்தே கிழடான கட்டைவால், தன் குற்றத்தைத் தானே இவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொண்ட யாரையும் அதுவரை கண்டதில்லை.

பிறகு மெல்ல நடந்து டாக்டரம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்து வாயைத் திறந்தது. குரைக்கவில்லை.